பழைய ஸ்வீடன்ல புருஷன் செத்தா பொண்டாட்டிக்கு என்ன கிடைக்கும்?

சொத்துல பங்கு கிடைக்கும்ங்க, ஆனா அதைவிட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. 1734 சட்டப்படி கல்யாணமாகாத பொண்ணுக்கு அப்பாவோ அண்ணனோ கார்டியன், கல்யாணமானா புருஷன்தான் கார்டியன், ஆனா விதவையாயிட்டா மட்டும் அவளே தனக்கு பொறுப்பு, சொத்தை அவளே பாத்துக்கலாம், கோர்ட்ல அவளே பேசலாம். புருஷன் போனாத்தான் மேஜர்னு ஒரு சட்டம், என்னத்த சொல்றது!

பங்குன்னு பாத்தா, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் பொதுவான சொத்துல கிராமத்துல பொண்டாட்டிக்கு மூணுல ஒண்ணு, டவுன்ல பாதி. வாரிசுச் சொத்தும் அப்படித்தான், கிராமத்துல மகனுக்கு கிடைக்கிறதுல பாதிதான் மகளுக்கு, இது 13ம் நூற்றாண்டுல ஸ்வீடனை ஆண்ட பிர்கர் யார்ல் காலத்துலேருந்து வந்த கணக்கு, 1845ல தான் சமமாச்சு. இது போக கல்யாணத்துக்கு மறுநாள் காலையில புருஷன் குடுக்கிற ‘காலைப் பரிசு’ன்னு ஒண்ணு உண்டு, விதவையானா கைகொடுக்கட்டும்னு.

மறுமணம் பண்ணிக்கலாம், தடையில்ல, ஆனா பண்ணினா புது புருஷன் கார்டியன் ஆயிடுவான், அதுவரைக்கும் இருந்த சுதந்திரம் போச்சு. பாதிரியார் செத்தா அடுத்து வர்ற பாதிரியார் அந்த விதவையையே கட்டிக்கிற வழக்கமும் இருந்துச்சு, வீடு வாசல் போகாம இருக்க. கல்யாணமான பொண்ணுங்க புருஷன் கார்டியன்ஷிப்லேருந்து வெளிய வந்தது 1920 சட்டத்துக்கு அப்புறம்தான்.