கூப்பிடாத வீட்டில் வசூலுக்குப் போகலாமா? – கேள்வி பதில்

(புதுச்சேரி, கடலூர் வாசகர்களின் கேள்விகள். பதில்: புதுச்சேரியில் உளவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர்.)

லாஸ்பேட்டை வாசகர்: எங்கள் குடியிருப்பில் அன்னதானத்துக்கு ஒருவர்தான் எப்போதும் முதலில் கொடுப்பார். மே மாதம் எல்லோரும் ஏற்காடு போனோம், அவரைக் கூப்பிட விட்டுப்போயிற்று. இந்த வருடம் ரசீது புத்தகத்தோடு போனால், "அப்புறம் பார்க்கலாம்" என்று கதவைச் சாத்திவிட்டார். பழிவாங்குகிறாரா சார்?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2007இல் ஜீன் ட்வெங்கி, ராய் பாமைஸ்டர் என்ற உளவியலாளர்களின் குழுவினர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனைகளைக் கேளுங்கள். ஆளுமைத் தேர்வு ஒன்றை வைத்து, சிலரிடம் "பிற்காலத்தில் தனியாகத்தான் இருப்பீர்கள்" என்றார்கள். (பொய்தான். பிறகு உண்மையைச் சொல்லிவிட்டார்கள்.) அடுத்து மாணவர் அவசர உதவி நிதிக்கு உண்டியல் வைத்தார்கள். தனியாக இருப்பீர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் குறைவாகவே போட்டார்கள். "உங்களுக்கு அடிக்கடி விபத்து நேரும்" என்று சொல்லப்பட்டவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. ஆக, கெட்ட சேதி கேட்ட வருத்தம் காரணமில்லை. அடுத்தவர் கஷ்டத்தை உணரும் தன்மையே மங்கிவிடுகிறது. அடிபட்ட விரல் மரத்துப்போகிறதே, அந்த மாதிரி. உங்கள் நண்பர் கோபமாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பார்.

கடலூர் முதுநகர் வாசகர்: ஒரு சுற்றுலாவுக்கா இவ்வளவு?

கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது இருவர் வீசி விளையாடிய பிளாஸ்டிக் தட்டு (ஃபிரிஸ்பீ) ஒன்று அவர் பக்கம் வந்து விழுந்தது. திருப்பி வீசினார். அந்த இருவரும் அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். சிறிது நேரத்தில், ஒன்றும் சொல்லாமலே, வீசுவதை நிறுத்திவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள்தான், ஆனாலும் சுருக்கென்று தைத்தது. அதிலிருந்துதான் கணினியில் பந்து வீசும் 'சைபர்பால்' சோதனை பிறந்தது.

பண்ருட்டி வாசகர்: ஊரோடு பேச்சு வார்த்தை இல்லாத என் சித்தப்பா உள்ளூர்த் திருவிழாவுக்கு ஒரு ரூபாய் தருவதில்லை. வடலூர் தருமசாலைக்கு மட்டும் மாதாமாதம் அரிசி அனுப்புகிறார். இது எந்தக் கணக்கு?

அதே 2007இல், அதே பாமைஸ்டரும் சேர்ந்து எழுதிய இன்னொரு ஆய்வில் இதற்குப் பதில் இருக்கிறது. ஒதுக்கப்பட்டவர்கள் புதியவர்களிடம் ஒட்டப் பார்க்கிறார்கள், ஒதுக்கியவர்களிடம் அல்ல. வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமசாலையில் நீ யார், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. சித்தப்பா இடம் பார்த்துத்தான் கொடுக்கிறார்.

நெல்லிக்குப்பம் வாசகி: ஒதுக்கப்பட்ட பிறகு ஊர் பார்க்க அள்ளிக் கொடுப்பவர்களும் உண்டே?

உண்டு. லீ, ஷ்ரம் என்ற இரு ஆய்வாளர்கள் 2012இல் ஒரு வேறுபாட்டைக் காட்டினார்கள்: கண்டுகொள்ளாமல் விட்டால் பகட்டுச் செலவு கூடுகிறது, முகத்துக்கு நேரே வேண்டாம் என்றால் உதவும் குணம் கூடுகிறது. பெயர்ப் பலகைக்காகக் கொடுப்பதை எதில் சேர்ப்பது? நான் பகட்டில்தான் சேர்ப்பேன்.

மறுபடி லாஸ்பேட்டை: சரி சார், இப்போது நாங்கள் என்ன செய்வது?

ரசீது புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஏற்காட்டுக்குக் கூப்பிடாதது தப்பு என்று மழுப்பாமல் சொல்லுங்கள். பிறகு, "பந்தியில் சாம்பார் வாளி தூக்க ஆள் பத்தவில்லை, வாங்க" என்று கூப்பிடுங்கள். பணப் பேச்சை அவரே எடுக்கட்டும். இந்த வருடம் எடுக்காவிட்டாலும் போகட்டும்.