தாய் வெளிநாடு போனால் குசினி யாருக்கு?

அன்புள்ள அக்கா,
எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு தாய்மார் குவைத், சவூதி என்று பணிப்பெண்ணாகப் போய்விட்டார்கள். இப்போது ஆண்கள் சமைக்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறார்கள். ஆண் வேலை, பெண் வேலை என்ற கதை முடிந்துவிட்டது என்கிறேன். நண்பர்களோ குடும்பம்தான் குலைந்தது என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— ஒரு வாசகர், மட்டக்களப்பு

அன்புத் தம்பி,

அந்த வீடுகளுக்குள் இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள். தாய் போன இடத்தில் அநேகமாக வந்து நிற்பது அம்மம்மா, இல்லாவிட்டால் சித்தி, அவர்களும் இல்லையென்றால் மூத்த மகள். விடிய எழும்பிப் புட்டு அவித்து, தம்பி தங்கையை வெளிக்கிடுத்திவிட்டு, முதல் பாடம் முடியும்போது வகுப்புக்குள் நுழைகிற பிள்ளை. அந்தப் பிள்ளையின் படிப்பும் சேர்ந்துதான் குவைத்துக்குப் போகிறது.

ஆண்கள் செய்வதே இல்லை என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு மீன் வியாபாரி, இரண்டு மகள்மாருக்கும் வகிடு பிசகாமல் இரட்டைப் பின்னல் போட்டு ரிபன் கட்டிவிடுவார், ஆனால் கதவைச் சாத்திக்கொண்டுதான். மனைவி லீவில் வந்து நின்றபோது சீப்பைத் தொடவே இல்லை. கை பழகிவிட்டது, ஊர்வாய்க்குத்தான் பயம்.

அரசும் இந்த ஊரைப் போலத்தான். 1990-களின் நடுப்பகுதியில் இலங்கையிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு பெண்கள். அவர்கள் அனுப்பிய காசில் நாடு ஓடியது. அப்புறம் 2013-இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்து, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் பணிப்பெண்ணாகப் போக முடியாது, மூத்த பிள்ளைகள் என்றால் யார் பார்ப்பார்கள் என்று காட்டு என்றார்கள். கைக்குழந்தையை விட்டுக் கட்டாருக்குப் போன தகப்பனிடம் ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. இந்த அறிக்கைக்குத் தப்ப விசிட் விசாவில் போன பெண்கள், அங்கே சம்பளம் கிடைக்காதபோது முறையிடவும் வழியில்லாமல் நின்றார்கள். 2022-இல் விதியைத் தளர்த்தினார்கள், அதுவும் டொலர் இல்லாமல் நாடு தவித்த நேரத்தில்.

சரி, உங்கள் நண்பர்களுக்கு. அவள் ஏன் போனாள்? நம் கிழக்கில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கல்யாணம் பேச முடியாது. அந்தச் சீதன வீட்டுக்காக எத்தனை தாய்மார் இன்னொருத்தி வீட்டுத் தரையைத் துடைக்கிறார்கள்! சீதனம் கேட்டு வருகிற மாப்பிள்ளை வீட்டாரிடம் 'குடும்பம் குலைகிறது' என்று யாராவது சொன்னார்களா?

திரும்பி வந்த பெண்களிடம் கேளுங்கள் தம்பி: அனுப்பிய காசு யார் பெயரில் இருந்த கணக்கில் விழுந்தது, அதை எடுக்க யார் கையெழுத்து வேண்டும், வந்து இறங்கிய மறுநாள் காலை அடுப்பு மூட்டியது யார்? அவர்கள் சொல்வதை எனக்கு எழுதுங்கள், இங்கேயே போடுகிறேன்.