தெருவில் நாமே பலகை நடலாமா, வேகத்தடை போடலாமா?

கேள்வி: தஞ்சாவூர் மாநகராட்சிக்கு உட்பட்ட 18 அடி அகலத் தெரு எங்களுடையது. மெயின் ரோட்டு நெரிசலுக்குப் பயந்து வேன், லோடு ஆட்டோ எல்லாம் எங்கள் தெருவில் புகுந்து பறக்கின்றன. முனையில் ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது. குடியிருப்போர் சங்கத்தில் 22,000 ரூபாய் வசூலித்து வைத்திருக்கிறோம். ‘ஒருவழிப்பாதை’, ‘வேகம் 20’ என்று இரண்டு பலகையும், இரண்டு வேகத்தடையும் நாங்களே போட்டுக்கொள்ளலாமா? எதிரே ஒரு கடைக்காரர் தன் கடை விளம்பரத்தோடு ‘நோ பார்க்கிங்’ பலகை நட்டிருக்கிறார். அது செல்லுமா? அதன் பக்கத்தில் நிறுத்தியதற்காக என் மைத்துனர் காருக்குச் சலானும் வந்திருக்கிறது.

பதில்: நீங்களே போட வேண்டாம். பலகையும் கூடாது, வேகத்தடை அறவே கூடாது. காரணம் தெரிந்தால் யாரிடம் எதைக் கேட்பது என்பதும் தெரிந்துவிடும்.

சாலையோரப் பலகைக்கு அதிகாரம் பெயின்டிலிருந்து வருவதில்லை, அதன் பின்னால் இருக்கும் உத்தரவிலிருந்து வருகிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988 இதை மூன்று இடங்களில் பிரித்து வைத்திருக்கிறது. வேக வரம்பு வைப்பது 112-வது பிரிவு. வாகனங்களைத் தடுப்பதும் கட்டுப்படுத்துவதும் 115-வது பிரிவு. ஒருவழிப்பாதை, கனரக வாகனத் தடை எல்லாம் இதில் அடங்கும். அப்படிப் பிறந்த உத்தரவை மக்களுக்குத் தெரிவிக்கப் பலகை வைப்பது 116-வது பிரிவு. உங்களுடையது போன்ற தெருவில் மூன்றிலும் அதிகாரம் மாநில அரசுக்கு, அல்லது அரசு அதிகாரம் கொடுத்த அலுவலருக்கு மட்டுமே. நடைமுறையில், காவல் ஆணையரகம் உள்ள சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் போக்குவரத்து மாற்றத்துக்கான உத்தரவு ஆணையரிடமிருந்து வருகிறது. தஞ்சாவூர் போன்ற ஊர்களில் மாவட்டக் காவல்துறையின் பரிந்துரையோடு கலெக்டரிடம் போக வேண்டும். சாலைக்குச் சொந்தக்காரரான மாநகராட்சி பலகையை நட்டுப் பராமரிக்கும். ஆனால் எந்தப் பக்கம் வண்டி போகலாம் என்பதை அது தனியாக முடிவு செய்ய முடியாது. வார்டு உறுப்பினர் சரி என்று சொல்லிவிட்டார் என்பதை நம்பிப் பலகை நட்டுவிட்டுப் பிறகு பிடுங்கிய தெருக்கள் உண்டு.

நீங்கள் நினைத்திருக்கும் வட்டப் பலகையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஓட்டுநர் கட்டாயம் கீழ்ப்படிய வேண்டிய குறி எது என்பதை 119-வது பிரிவு சொல்லும்போது, சட்டத்தின் முதல் அட்டவணையின் முதல் பகுதியில் உள்ள குறிகளோடு, சிவப்பு விளிம்போ சிவப்புத் தளமோ கொண்ட வட்டத் தகட்டையும் சேர்த்துச் சொல்கிறது. ஆனால் அது 116-வது பிரிவின்படி வைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். சங்கம் வைக்கும் சிவப்பு வட்டத்துக்குள் 20 என்று எழுதினால், பார்ப்பவர் சட்டப்படியான வரம்பு என்றே நினைப்பார். போலீஸாரால் அதை வைத்து ஒருவருக்கும் அபராதம் போட முடியாது. அடிபட்டவர் வழக்குப் போட்டால் ‘இந்தப் பலகையை நட்டது யார்’ என்ற கேள்வி சங்கச் செயலாளரிடம்தான் வந்து நிற்கும். உங்கள் காம்பவுண்டு சுவரில், வட்டமும் முக்கோணமும் இல்லாமல், ‘குழந்தைகள் நடக்கும் தெரு, மெதுவாகப் போங்கள்’ என்று எழுதி வைப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை. அது வேண்டுகோள், உத்தரவு அல்ல.

அடுத்து கடைக்காரரின் பலகை. அது செல்லாது. 116-வது பிரிவின்படி வைக்கப்படாத குறி சாலையோரத்தில் இருக்கவே கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. உண்மையான குறியை மறைக்கிற, அதைப் போலத் தோன்றி ஏமாற்றுகிற, ஓட்டுநரின் கவனத்தைத் திருப்புகிற பலகையையும் விளம்பரத்தையும் அகற்ற, காவல் கண்காணிப்பாளர் பதவிக்குக் குறையாத அதிகாரிக்கு அரசு அதிகாரம் கொடுக்கலாம். எனவே ஒரு போட்டோவோடு போக்குவரத்துக் காவல் ஆய்வாளருக்கும் மாநகராட்சிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். நீங்களே பிடுங்கப் போகாதீர்கள். பலகை சட்டவிரோதம் என்றாலும் அந்த இரும்புக் குழாய் அவர் பொருள். தெருச் சண்டையில் போய் முடியும்.

ஆனால் பலகை செல்லாது என்பதால் மைத்துனரின் சலானும் செல்லாது என்று முடிவுகட்டிவிட முடியாது. பலரும் சறுக்கும் இடம் இது. பலகையே இல்லாவிட்டாலும் வண்டி நிறுத்தக் கூடாத இடங்களை மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், 2017 பட்டியல் போட்டிருக்கிறது: நடைபாதை, பாதசாரிகள் கடக்கும் கோடு, சந்திப்பின் விளிம்பிலிருந்து இரு பக்கமும் 50 மீட்டர், பஸ் நிறுத்தத்தின் அருகே, பள்ளி மற்றும் மருத்துவமனை வாசல், தீயணைப்புக் குழாய் அருகே, எந்த வீட்டுக்கும் கடைக்கும் வண்டி ஏறி இறங்கும் வாசல், ஏற்கெனவே நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில் இரண்டாவது வரிசை. உங்கள் வீட்டு கேட்டில் ‘நோ பார்க்கிங்’ எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் கேட்டை மறிப்பது தப்பு. கடையின் முகப்பு முழுக்கத் தனக்கென்று கடைக்காரர் ஒதுக்கிக்கொள்ள, எழுதினாலும் உரிமை கிடையாது.

ஆகவே சலானில் நான்கு விஷயங்களைப் பாருங்கள்: இடம், நேரம், போட்டோ, எந்தப் பிரிவு. கார் நின்றது சந்திப்பிலிருந்து எத்தனை மீட்டர் என்று டேப் பிடித்து அளந்து பாருங்கள். 50 மீட்டருக்குள் என்றால், பலகையைப் பற்றி வாதாடாமல் கட்டிவிடுவது புத்திசாலித்தனம். அப்படி எதுவும் இல்லை, அந்தத் தனியார் பலகை மட்டுமே காரணம் என்றால், பலகையின் போட்டோவையும், அளவுகள் குறித்த சிறு வரைபடத்தையும் சேர்த்து மத்திய அரசின் பரிவாகன் இ-சலான் இணையதளத்தில் உள்ள புகார்ப் பகுதியில் பதிவு செய்யுங்கள். தீராமல், இணையவழியில் நடக்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போனால், அங்கே பணம் கட்டுவது, வழக்கை எதிர்கொள்வது என இரண்டு வழி இருக்கும். ஒரு முறை கட்டிவிட்டால் பிறகு மறுக்க வழியில்லை. கைக்குக் கிடைத்தால் பெரிய ஆயுதம் ஒன்று உண்டு. ‘இந்தத் தெருவில் வாகனம் நிறுத்தத் தடை விதித்த உத்தரவின் நகல்’ என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சிக்கும் காவல்துறைக்கும் தனித்தனியாக மனுப் போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், பதிலுக்குக் கெடு 30 நாள். ‘அப்படி உத்தரவு இல்லை’ என்று ஒரு வரி வந்தாலே கடைக்காரரின் பலகையும் ஆட்டம் காணும்.

கடைக்காரர் ஒருவேளை சக்கரத்தில் சங்கிலி போட்டாலோ காற்றைப் பிடுங்கிவிட்டாலோ அது குற்றம். தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியையும், 10 மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடக்கும் வண்டியையும் இழுத்துச் செல்லவோ, சக்கரப் பூட்டு மாட்டவோ அனுமதிக்கும் அதிகாரம் 127-வது பிரிவின்படி சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரிக்குத்தான்.

இனி உங்கள் ஒருவழிப்பாதை. மனு எழுதும் முன் மூன்று நாள் வீட்டுப்பாடம் செய்யுங்கள். பள்ளி நேரத்தில் காலை 8 முதல் 9.30, மாலை 3.30 முதல் 5 வரை, ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் எத்தனை வண்டி, எந்தத் திசையில் என்று எண்ணுங்கள். பைக், கார், வேன் தனித்தனியாக. தெருவின் அகலத்தைச் சாக்கடை மூடியைச் சேர்த்தும் சேர்க்காமலும் மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். மின்கம்பம், கேட்டுகள், இடையில் வந்து சேரும் சந்துகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் வரையுங்கள். ‘வண்டிகள் வேகமாகப் போகின்றன’ என்று எழுதும் மனு கோப்பில் தூங்கும். ‘15 நிமிடத்தில் 140 வண்டி, அதில் 31 வேன்’ என்று உங்கள் எண்ணிக்கை சொன்னால் ஆய்வாளர் ஒரு தடவையாவது வந்து பார்ப்பார்.

மனுவைக் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நகலைப் போக்குவரத்துக் காவல் ஆய்வாளர், மாநகராட்சி ஆணையர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர் (ஆர்.டி.ஓ.) மூவருக்கும் அனுப்புங்கள். கலெக்டர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவில் வைக்கும்படி மனுவிலேயே கேளுங்கள். காவல்துறை, நெடுஞ்சாலை, உள்ளாட்சி எல்லாம் ஒரே மேசையில் உட்காரும் இடம் அது. முதலில் சோதனை முறையில் கேட்பது நல்லது. ஒரு மாதத்துக்கு மேற்படாத கட்டுப்பாட்டுக்கு அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை, உள்ளூரில் விளம்பரம் செய்தால் போதும் என்று 115-வது பிரிவே சொல்கிறது. கோயில் திருவிழாக்களுக்குத் தெருவை மாற்றி விடுவதும் இந்த வழியில்தான். அந்த மாதத்தில் பக்கத்துத் தெருவுக்கு நெரிசல் நகர்ந்ததா என்பதும் தெரிந்துவிடும். நகர்ந்தால் அவர்களும் மனுவோடு வருவார்கள், அதற்குத் தயாராக இருங்கள்.

உத்தரவு வந்த பிறகு பலகை வைப்பதில் நடக்கும் தப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: தெருவின் இரண்டு முனையிலும் வைத்துவிட்டு நடுச் சந்துகளை மறந்துவிடுவது. வெளியேறும் முனையில், சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளைப் பட்டை போட்ட நுழையாதே குறி வேண்டும். இடையில் சேரும் ஒவ்வொரு சந்தின் வாயிலும் எந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்ற குறி வேண்டும். சந்திலிருந்து வருபவருக்கு இது ஒருவழிப்பாதை என்று எப்படித் தெரியும்? ‘வண்டி நிறுத்தாதே’, ‘நிற்கவே கூடாது’ இரண்டையும் குழப்பாதீர்கள். நீலத் தளத்தில் ஒரு சிவப்புக் குறுக்குக் கோடு என்றால் நிறுத்தி வைக்கத் தடை. இரண்டு கோடு பெருக்கல் குறி போல இருந்தால் ஒரு நிமிடம் நிற்கவும் தடை. பள்ளி வாசலில் இரண்டாவதை வைத்தால் குழந்தையை இறக்கிவிடவும் முடியாது.

பலகையின் அளவு, உயரம், நிறம் எல்லாம் சாலைகளுக்குத் தரம் வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) 67-ஆம் எண் நெறிமுறையில் இருக்கிறது. நகரத் தெருவுக்கு வட்டம் 600 மி.மீ. விட்டம். ஆள் நடமாடும் நடைபாதையில் பலகையின் அடிவிளிம்பு 2.1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்தால் நடப்பவர் நெற்றியில் இடிக்கும், நிறுத்தியிருக்கும் வேனும் மறைத்துவிடும். கம்பத்தில் 25 செ.மீ. அகலத்துக்குக் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி, தரையை ஒட்டிய பட்டை கறுப்பு. ஃபிளெக்ஸ் பேனரில் அச்சடித்து ஒட்டினால் ராத்திரி ஹெட்லைட்டில் பளிச்சிடாது, வெயிலில் சிவப்புதான் முதலில் வெளுக்கும்; ஒளி திருப்பும் தாள் ஒட்டிய அலுமினியத் தகடு கேளுங்கள். வைத்த பலகை மேல் வேப்பங்கிளை வளர்வதைப் பார்த்து வெட்டச் சொல்வது உங்கள் சங்கத்தின் வேலையாகவே இருக்கட்டும்.

முக்கோணப் பலகைக்குத் தனி அபராதம் கிடையாது. ‘பள்ளி முன்னே’, ‘வேகத்தடை முன்னே’ என்பவை எச்சரிக்கைகள் மட்டுமே. ஆனால் விபத்துக்குப் பிறகு எச்சரிக்கை இருந்ததா என்பது வழக்கில் முதல் கேள்வியாக வரும்.

வேகத்தடைக்கு வருவோம். நம் ஊரில் பாதித் தடைகள் ஒரு முழம் அகலமும் அரை அடி உயரமுமாக நிற்கின்றன. அவை வேகத்தைக் குறைப்பதைவிட முதுகைத்தான் உடைக்கின்றன. பைக்கில் பின்னால் உட்கார்ந்தவர் தூக்கி எறியப்படுவார், ஆட்டோ ஓரத்து இடைவெளியில் சாய்ந்து போகும், காரின் அடிப்பாகம் உரசும். ஐ.ஆர்.சி. 99 சொல்லும் வட்ட மேடு வேறு மாதிரி: வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் நீளம், நடுவில் 10 செ.மீ. உயரம், வளைவின் ஆரம் 17 மீட்டர். 25 கி.மீ. வேகத்தில் சுகமாக ஏறி இறங்கலாம், 40-இல் வந்தால் உலுக்கும். அந்த வித்தியாசம்தான் ஓட்டுநருக்குப் பாடம். நீளம் குறைந்த மேட்டில் அந்தப் பாடம் நடக்காது. மேட்டுக்கு 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகை, மேட்டின் மேல் இரவில் தெரியும் கறுப்பு வெள்ளைப் பட்டை, மழைநீர் ஓட ஓரத்தில் சிறு வழி, இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது பொறிதான். ஆணி அடிக்கும் ரப்பர்த் தடையை வாங்காதீர்கள். மாதங்களில் ஆணி கழன்று டயரில் குத்தும்.

அனுமதியில்லாமல் சாலையில் மேடு கட்டினால் பொதுவழியில் ஆபத்தும் தடையும் ஏற்படுத்தியதாக இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-வது பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதில் ஒருவர் விழுந்து இறந்தால் கணக்கு வேறு. எனவே மேட்டை மாநகராட்சிப் பொறியாளரே போட வேண்டும். உங்கள் தெரு உண்மையிலேயே மாநகராட்சிச் சாலையா என்பதையும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பக்கத்து மைல் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை போட விடமாட்டார்கள், மனுப் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அந்த 22,000 ரூபாயை எந்த மேஸ்திரியிடமும் கொடுத்துவிடாதீர்கள். மக்கள் பங்களிப்போடு உள்ளாட்சிப் பணி செய்யும் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் சேர்க்க முடியுமா என்று மண்டல உதவிப் பொறியாளரிடம் கேளுங்கள். கொடுப்பதானால் மாநகராட்சியின் பெயரில், ரசீதோடு, எந்தப் பணிக்கு என்று எழுதிக் கொடுங்கள். உத்தரவு கைக்கு வரும் வரை பணம் சங்கக் கணக்கிலேயே கிடக்கட்டும்.