காப்பகக் கட்டணம் போக மிஞ்சுவது எவ்வளவு? வேலையை விடும் முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: கோவையில் ஒரு மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 6 வருடமாக வேலை பார்க்கிறேன். சம்பளம் 20,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000. கணவர் வேறொரு ஆலையில் சி.என்.சி. ஆபரேட்டர், 32,000 வாங்குகிறார். மகப்பேறு விடுப்பு அடுத்த மாதம் முடிகிறது. மாமியாரும் அம்மாவும் ஊரை விட்டு வர முடியாத நிலை. காப்பகத்தில் மாதம் 6,000 கேட்கிறார்கள். "உன் சம்பளம் காப்பகத்துக்கும் பஸ்ஸுக்குமே போய்விடும், வேலையை விட்டுவிடு" என்கிறார்கள் வீட்டில். விடலாமா?

பதில்: முடிவு உங்களுடையது. ஆனால் வீட்டில் போட்ட கணக்கு தப்பு. அதை வைத்து மட்டும் ராஜினாமா எழுதிவிடாதீர்கள்.

உங்கள் சம்பளத்தில் பி.எஃப். அந்த 15,000-க்கு 12% என்றால் 1,800 ரூபாய், ஈ.எஸ்.ஐ. முழுச் சம்பளத்துக்கு 0.75% என்றால் 150 ரூபாய் பிடித்தம். கையில் வருவது 18,050. காப்பகத்துக்கு 6,000, பஸ், டீ, சாப்பாடு வகையில் 3,500 என்று வைத்தாலும் 8,550 மிஞ்சுகிறது. பிடித்த 1,800-ம் உங்கள் பணமே. நிர்வாகம் போடும் இன்னொரு 1,800-ல் சுமார் 1,250 ஓய்வூதியத்துக்கும் மீதி பி.எஃப். கணக்குக்கும் போகிறது. ஆக, வேலையை விட்டால் வீடு இழப்பது மாதம் 12,150 ரூபாய்.

காப்பகச் செலவை முழுக்க உங்கள் சம்பளத்தில் மட்டும் ஏன் கழிக்க வேண்டும்? குழந்தை இருவருக்கும்தானே. வருமான விகிதப்படி பிரித்தால் உங்கள் பங்கு சுமார் 2,300, அவர் பங்கு 3,700. இதனால் மொத்தச் செலவு குறையாது. ஆனால் "உன் சம்பளம் வீண்" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

அடுத்து நடக்கப்போவதையும் பாருங்கள். கையில் வரும் 8,550 நின்றதும் கணவர் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பார்க்க ஆரம்பிப்பார். 26 நாள், 8 மணி நேரம் என்று கணக்கிட்டால் அவருடைய ஒரு மணி நேரக் கூலி சுமார் 154, ஓ.டி.க்கு இரட்டிப்பு, 308. அந்தத் துண்டை அடைக்க மாதம் 28 மணி நேரம், அதாவது தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர் கூடுதலாக நிற்க வேண்டும். வீட்டு வேலையும் குழந்தையும் முழுக்க உங்கள் தலையில் விழும். இரண்டு வருடம் இப்படிப் பழகிய வீட்டிலிருந்து திரும்ப வேலைக்குக் கிளம்புவது, முதலில் விட்டதைவிடக் கடினம். பல குடும்பங்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். 2023-இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் விளக்கியதும் இதற்கு நெருக்கமானது: நீண்ட நேரம், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வருகிறவருக்கு வேலைச் சந்தை கூடுதலாகக் கொடுக்கிறது, குழந்தை பிறந்ததும் தம்பதியில் ஒருவர் அந்தப் பக்கமும் மற்றவர் வீட்டுப் பக்கமும் பிரிகிறார்கள். காப்பக வசதி நன்றாக உள்ள டென்மார்க்கிலேயே முதல் குழந்தைக்குப் பின் பெண்களின் வருமானம் நீண்ட காலத்துக்குச் சுமார் 20% பின்தங்கியது. ஆண்களுடையது கிட்டத்தட்ட அசையவில்லை.

காப்பகக் கட்டணம் இரண்டு, மூன்று வருடச் செலவு. பி.எஃப். ஓய்வூதியம் அப்படியல்ல: 10 வருடப் பணி முடித்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. ஓய்வூதியத்துக்குக் கணக்கிடும் சம்பளம் 15,000-ஐப் பணி வருடம் 10-ஆல் பெருக்கி, விதிப்படி 70-ஆல் வகுத்தால் மாதம் சுமார் 2,143. உங்களுக்கு இன்னும் 4 வருடம் பாக்கி.

முதலில் உங்கள் ஆலையில் எத்தனை பேர் என்று பாருங்கள். ஆண், பெண் சேர்த்து 50 பேர் இருந்தால் நிர்வாகம் காப்பக வசதி தர வேண்டும். தாய் ஒரு நாளில் 4 முறை குழந்தையைப் பார்த்து வரலாம். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்த விதி இது, 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. பழைய தொழிற்சாலைச் சட்டம் 30-க்கு மேல் பெண்கள் இருந்தால் என்று எண்ணியது. பெண்ணை வேலைக்கு எடுத்தால்தான் காப்பகச் செலவு என்று முதலாளிகள் நினைக்க அது இடம் கொடுத்தது. இரு பாலரையும் எண்ணுவதே நியாயம். எச்.ஆரிடம் வாயால் கேட்காமல், கடிதமாகக் கொடுத்து நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

பிறகு ஷிப்ட். கணவர் 6 முதல் 2 வரையிலான முதல் ஷிப்டை நிரந்தரமாகக் கேட்டு வாங்க முடிந்தால், ஜெனரல் ஷிப்ட் பார்க்கும் நீங்கள் காலையில் குழந்தையை விடலாம், அவர் இரண்டரைக்கு அழைத்துவிடலாம். குழந்தை காப்பகத்தில் இருப்பது சுமார் ஆறு மணி நேரம்தான் என்பதால் அரைநாள் கட்டணம் பேசிப் பார்க்கலாம். இரண்டு பேரும் சுழற்சி ஷிப்டில் இருந்தால் இது வாராவாரம் உடையும். அதனால் ஒருவராவது மாறாத ஷிப்டில் இருப்பது அவசியம்.

எதுவும் அமையாவிட்டால் நேரே ராஜினாமா வேண்டாம். 3 மாதம் சம்பளமில்லா விடுப்பு கேளுங்கள். அதற்கும் மறுத்து விலக நேர்ந்தால் அனுபவச் சான்றிதழை அன்றே வாங்கிவிடுங்கள். பி.எஃப். பணத்தை எடுக்காமல் விடுங்கள், யூ.ஏ.என். எண் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) அப்படியே இருக்கும். படிவம் 10சி-யில் ஓய்வூதியப் பணத்தைத் திரும்பப் பெறுவதற்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த வேலையில் சேரும்போது இந்த 6 வருடமும் அதோடு சேர்ந்துகொள்ளும்.