பழைய கணினிகளைக் கொடுக்கும் முன்: ஃபார்மட் செய்தால் போதுமா?

கேள்வி: மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ்டவுனில் சிறிய பல் கிளினிக் நடத்துகிறோம். எட்டு கணினிகள், இரண்டு யூபிஎஸ், வாடகைக்கு எடுத்த போட்டோகாப்பி மெஷின் ஆகியவற்றை மாற்றப் போகிறோம். பழைய சாமான் வாங்குபவர், “மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன், அழித்ததற்குச் சான்றிதழும் தருகிறேன்” என்கிறார். எங்கள் ஊழியர் எல்லாவற்றையும் ஃபார்மட் செய்துவிட்டார். கொடுத்துவிடலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். ஊழியர் செய்தது குவிக் ஃபார்மட் என்றால், கோப்புகள் எங்கே இருக்கின்றன என்ற பட்டியல் மட்டும்தான் போயிருக்கும். நோயாளியின் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், எக்ஸ்ரே படம் எல்லாம் டிஸ்க்கிலேயே கிடக்கும். இலவச மென்பொருளை வைத்தே அவற்றை மீட்டுவிடலாம்.

முதலில் புதிய கணினியில் பேக்கப்பைத் திறந்து நாலைந்து நோயாளிகளின் பதிவுகளைப் பாருங்கள். கணக்குப் பதிவுகளை வருமான வரிக்காக 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். பிறகு டிஸ்க்கைக் கழற்றி என்ன வகை என்று பாருங்கள். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் யூஎஸ்பி வழியாக இன்னொரு கணினியில் மாட்டி, விண்டோஸிலேயே உள்ள டிஸ்க்பார்ட் என்ற கருவியில் ‘கிளீன் ஆல்’ கட்டளை கொடுங்கள். ‘ஆல்’ இல்லாமல் வெறும் ‘கிளீன்’ கொடுத்தால் பிரிவுகள் மட்டும்தான் போகும், தரவு போகாது. தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மீள வழியில்லை, எண்ணை இரண்டு முறை பாருங்கள். 1 டெராபைட்டுக்குச் சில மணி நேரம் ஆகும். ஒரு முறை முழுதாகச் சுழியம் எழுதினாலே போதும். “ஏழு முறை அழிக்க வேண்டும், அதற்கு இவ்வளவு ரிங்கிட்” என்று கேட்கும் கடைக்காரரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சுழலும் தட்டே இல்லாத, சிப்பில் தரவை வைக்கும் எஸ்எஸ்டிக்கு இந்த முறை சரிப்படாது. அதில் விண்டோஸின் கைக்கு எட்டாத உபரிப் பகுதிகள் உண்டு. தயாரிப்பாளரின் மென்பொருளில் உள்ள ‘செக்யூர் இரேஸ்’தான் வழி. காந்தம் வைப்பதால் எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகாது. எழுத மறுக்கும் பழுதான ஹார்ட் டிஸ்க்கில் தட்டைத் துளைக்கும்படி மூன்று நான்கு ஓட்டை போடுங்கள். மடிக்கணினி டிஸ்க்குகளில் கண்ணாடித் தட்டு இருக்கக்கூடும், தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் தொடாதீர்கள்.

அந்த போட்டோகாப்பி மெஷினைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பெரிய அலுவலக மெஷின்கள் பலவற்றில் உள்ளே ஹார்ட் டிஸ்க் உண்டு. ஸ்கேன் செய்த ஐசி, காப்புறுதிப் படிவம் எல்லாம் அதில் தங்கியிருக்கலாம். மெஷின் உங்களுடையது அல்ல, டிஸ்க்கைக் கழற்ற உங்களுக்கு உரிமையில்லை. வாடகைக் கம்பெனிக்காரரோ “அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்” என்று சொல்லி லாரியில் ஏற்றிவிடுவார். விடாதீர்கள். நிர்வாகி மெனுவில் தரவை அழிக்கும் வசதி இருந்தால் டெக்னிஷியனை உங்கள் கண்முன்னே ஓட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் டிஸ்க்கை விலைக்குக் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்தில் இது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அடுத்த ஒப்பந்தத்திலாவது எழுதுங்கள்.

இனி அந்தச் சான்றிதழ். “கணினி 8 யூனிட் அழிக்கப்பட்டது” என்று இருந்தால் அது வெறும் தாள். ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண், அழித்த முறை, தேதி ஆகியவை வேண்டும். 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தேவை தீர்ந்த தரவை அழிக்கும் கடமை உங்களுடையது, இடைத்தரகருடையது அல்ல. 2024 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை போகலாம்.

டிஸ்க் எடுத்த கணினியும் மின்கழிவுதான், அபாயக் கழிவுகளுக்கான அரசுப் பட்டியலில் அதன் குறியீடு எஸ்டபிள்யூ 110. பழைய சாமான் வாங்குபவர்கள் மாநகர் மன்றத்தின் வியாபார உரிமத்தைக் காட்டி “லைசென்ஸ் இருக்கு” என்பார்கள். அது இதற்குச் செல்லாது. ஜாஸ் என்று நாம் சொல்லும் சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற நிறுவனம்தான் எடுக்க வேண்டும், பட்டியல் துறையின் இணையதளத்தில் இருக்கிறது. எட்டு கணினி வைத்திருப்பவருக்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையின் பெரிய தொழிற்சாலைக்கும் ஒரே குறியீடு, ஒரே இணையப் படிவம்! 180 நாள் அல்லது 20 டன் வரை வைத்திருக்கலாம் என்கிறது விதி. பல் கிளினிக்கில் 20 டன்னை எங்கே அடுக்குவது என்று விதி எழுதியவர்தான் சொல்ல வேண்டும். உரிமம் பெற்ற நிறுவனத்தையே படிவத்துக்கு உதவச் சொல்லுங்கள்.

யூபிஎஸ் பேட்டரி ஈய அமில வகை என்றால் அது தனி, எஸ்டபிள்யூ 102. ஈயத்துக்கு விலை இருப்பதால் பேப்பர் லாமா (பழைய பேப்பர், சாமான் வாங்கும்) லாரிக்காரர் முதலில் அதைத்தான் கேட்பார். உடைத்தால் அமிலம் கொட்டும், கொடுக்காதீர்கள்.

கிளினிக்கின் சொத்துப் பட்டியலிலிருந்து பெயரை நீக்குவது இந்தத் தாள்கள் கைக்கு வந்த பிறகுதான். டிஸ்க் இல்லாத கணினிக்கு விலை குறையும் என்று பழைய சாமான் வாங்குபவர் சொல்வார். குறையட்டும்.