டிஸ்க் ஆபரேஷனுக்குப் பிறகும் வலி: நரம்புத் தூண்டல் கருவி பற்றிய கேள்வி பதில்

ஊர் தக்கலை. வலி சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன், டாக்டர் இல்லை. முதுகு ஆபரேஷன் செய்தும் வலி தீராதவர்கள் தண்டுவடத்தில் வைக்கும் கருவி பற்றிக் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (குலசேகரம்): சிஸ்டர், ரப்பர் பால் வெட்டுகிற வேலை. டிஸ்க் ஆபரேஷன் முடிந்தும் இடது கால் பெருவிரல் வரைக்கும் கரண்ட் அடித்த மாதிரி இழுக்கிறது. கருவி வைத்தால் வலி போய்விடுமா?

போகாது அண்ணே, குறையலாம். தண்டுவடத்தின் உறைக்கு வெளியே மெல்லிய வயரை வைத்து, இடுப்புக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு பேட்டரியைப் புதைப்பார்கள். அதிலிருந்து போகிற லேசான மின்சாரம் வலிச் செய்தியை மட்டுப்படுத்தும், ஆனால் டிஸ்க்கை ஒன்றும் செய்யாது. 1967லேயே அமெரிக்காவில் தொடங்கிய வைத்தியம் இது. உங்களைப் போல கால் வலி கூடுதலாக உள்ள 100 பேரை வைத்து நடந்த ஆய்வு 2007ல் வந்தது. ஆறு மாதத்தில் கருவி வைத்தவர்களில் 48 சதவீதம் பேருக்குக் கால் வலி பாதிக்கு மேல் குறைந்தது, மருந்து மாதிரி வழக்கமான வைத்தியத்தில் இருந்தவர்களில் 9 சதவீதம்தான். ஆனால் 2022ல் நார்வேயில் 50 பேருக்குக் கருவியை வைத்து, அவர்களுக்கே தெரியாமல் ஓடவிட்டும் நிறுத்தியும் பார்த்தபோது அன்றாட நடமாட்டத்தில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. முதலில் நரம்பை இன்னும் ஏதாவது அழுத்துகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (கருங்கல்): எனக்குக் காலில் ஒன்றும் இல்லை, இடுப்பு மட்டும்தான்.

அப்படியென்றால் நான் அவசரப்பட மாட்டேன். இடுப்பு வலிக்கு இதன் பலன் சந்தேகம்தான் என்று 2023ல் காக்ரேன் என்கிற சர்வதேச மருத்துவ ஆய்வுக் குழு இதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லிவிட்டது.

கேள்வி (மார்த்தாண்டம்): அக்கா, அப்பாவுக்கு முதலில் ட்ரயல் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நேராகவே வைத்துவிட்டால் ஒரு செலவோடு போகுமே?

வேண்டாம் மக்கா. ட்ரயல் இல்லாமல் வைக்கிறேன் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடு. வயரை மட்டும் ஊசி வழியாக உள்ளே விட்டு, பேட்டரியை வெளியே பெல்ட்டில் மாட்டி ஒரு வாரம்போல வீட்டுக்கு அனுப்புவார்கள். வலி பாதியாவது குறைந்தால்தான் அடுத்த கட்டம். இதில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள், டாக்டர் முகத்தைப் பார்த்ததும் ‘பரவாயில்ல சார்’ என்று சொல்லிவிடுவார்கள். அதனால் அப்பாவுக்கு ஒரு நோட்டுப் போடு: எத்தனை நிமிஷம் நின்றார், நாகர்கோவில் வரை பஸ்ஸில் புரண்டு புரண்டு உட்காராமல் போனாரா, ராத்திரி எத்தனை தடவை எழுந்தார், வலி மாத்திரை எத்தனை. எங்களிடம் வந்த ஒருவர் ‘நல்ல சுகம்’ என்று சிரித்தார், நோட்டைத் திறந்தால் பழைய அளவிலேயே மாத்திரை. ட்ரயல் முடியும்வரை குளத்துக் குளியல் கூடாது, கட்டு நனையக் கூடாது.

கேள்வி (குளச்சல்): கருவி வைத்தபின் வள்ளத்தில் போகலாமா?

ஆறு முதல் எட்டு வாரம் வரை குனிவது, திரும்புவது, கனம் தூக்குவது எதுவும் கூடாது, வயர் நகர்ந்துவிடும். ஆறிய பிறகு நனைவது பிரச்சினை இல்லை. வலை இழுக்கிற வேலையைப் பற்றி டாக்டரிடம் விவரமாகச் சொல்லிக் கேளுங்கள். சார்ஜ் ஏற்றுகிற வகை என்றால் நாள்கணக்கில் கடலில் தங்குகிறவர்கள் அதையும் யோசிக்க வேண்டும். சார்ஜ் இல்லாத வகையில் சில வருஷத்தில் பேட்டரி மாற்ற மறுபடி சின்ன ஆபரேஷன்.

கேள்வி (நாகர்கோவில்): வர்ம ஆசானிடம் தடவலுக்குப் போகலாமா?

கை கால் என்றால் சரி. பேட்டரி, வயர் இருக்கிற இடத்தில் அழுத்தவே கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதைவிட ஆபத்து பிசியோதெரபியில் மின் அலையால் உடம்புக்குள் சூடேற்ற வைக்கிற ஷார்ட்வேவ் டயதெர்மி: வயர் சூடேறி உள்ளே சதையைச் சுட்டுவிடும். எம்.ஆர்.ஐ.யும் அந்த மாடலுக்கு அனுமதி இருந்தால் மட்டும். கருவிக்குத் தருகிற அட்டை எப்போதும் பையில் இருக்கட்டும்.

கேள்வி (அருமனை): செலவு? எனக்கு சுகரும் உண்டு.

பல லட்சம் ஆகும். இன்சூரன்ஸ் இருந்தால் ட்ரயலுக்கும் கருவிக்கும் தனித்தனியாக ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். சுகர் கட்டுக்குள் வராமல் தேதி குறிக்காதீர்கள், கிருமி தொற்றினால் கருவியையே எடுக்க வேண்டி வரும். வைத்தபின் அந்த இடம் சிவந்தாலோ, நீர் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மெடிக்கல் ஸ்டோரில் மாத்திரை கேட்டு நிற்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.