நான்கு ரோஜா கொடுக்கலாமா?

வாசகர் கேள்வி - பதில்: இந்த இதழில் உலகத்துச் சகுனங்கள்

ஒசாகாவில் மகனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. குச்சியால் சாப்பிடும்போது அபசகுனமாக எதையும் செய்துவிடாதே என்று அங்கே ஒருவர் எச்சரித்தாராம். எதைச் செய்யக் கூடாது?
- வாசகி, கும்பகோணம்

முக்கியமாக இரண்டு. சோற்றில் குச்சியை நட்டு வைக்கக் கூடாது. ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவைக் கைமாற்றக் கூடாது. மற்ற தவறுகளை ஊருக்குப் புதியவர் என்று பொறுத்துக்கொள்வார்கள். இவை இரண்டும் சாவு வீட்டுக் காரியங்கள்.

இறந்தவரின் தலைமாட்டில் கிண்ணம் நிறையச் சோற்றைக் குவித்து, குச்சிகளை அதில் நிமிர்த்தி நடுவது ஜப்பானிய பௌத்த வழக்கம். 'மகுரா மேஷி' என்பார்கள், தலையணைச் சோறு. இன்னொன்றின் காரணம் சுடுகாட்டில் இருக்கிறது. உடல் எரிந்து முடிந்ததும் உறவினர்கள் இருவர் இருவராக நின்று, நீளக் குச்சிகளால் எலும்பை எடுத்துக் கலசத்தில் சேர்ப்பார்கள். ஒரு குச்சி மூங்கிலாகவும் மற்றது வேறு மரமாகவும் இருப்பது பல இடங்களில் வழக்கம். பாதத்தில் தொடங்கி மேலே போவார்கள். கலசத்துக்குள் அவர் தலைகீழாக இருந்துவிடக் கூடாதே! மிகுந்த கவனத்தோடு எடுப்பது 'தொண்டை புத்தர்' என்ற எலும்பை. பெயரில்தான் தொண்டை; உண்மையில் அது கழுத்தின் இரண்டாவது முள்ளெலும்பு. கைகூப்பி அமர்ந்த புத்தரின் சாயல் அதற்கு உண்டு. டோக்கியோ பக்கம் எல்லா எலும்பையும் எடுப்பார்கள். ஒசாகா பக்கம் ஒரு பகுதி மட்டும். அதனால் அங்கே கலசமும் சிறியது.

இறந்தவருக்குச் செய்வதை இருப்பவருக்குச் செய்யாதே என்பதுதான் இதன் உள்ளே இருக்கும் கணக்கு. நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. மகன் யாருக்காவது எடுத்துக் கொடுக்க வேண்டுமானால் சிறு தட்டில் வைத்துக் கொடுக்கட்டும். சாப்பாட்டுக்கு நடுவில் குச்சியைத் தாங்கியில் படுக்க வைக்கட்டும். தாங்கி இல்லாத கடையில், குச்சி வந்த காகித உறையை மடித்தால் அதுவே தாங்கி.

ரஷ்யாவில் மருத்துவம் படிக்கும் மகள், ஆசிரியைக்கு நான்கு ரோஜா வாங்கிப் போனாள். அவர் முகம் வாடிவிட்டதாம். ஏன்?
- வாசகர், சேலம்

அதே கணக்குதான். ரஷ்யாவிலும் உக்ரைனிலும் இரட்டைப்படைப் பூக்கள் இறந்தவருக்கு. கல்லறையில் இரண்டோ நான்கோ வைப்பார்கள். உயிரோடு இருப்பவருக்கு ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. மொய்க் கவரில் நூறோடு ஒரு ரூபாய் சேர்ப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெரிய கொத்தாக இருந்தால் யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். சிறிய கொத்தில்தான் சிக்கல். மஞ்சள் பூவைப் பிரிவுக்கு அறிகுறியாகப் பார்ப்பவர்களும் உண்டு, அதையும் தவிர்ப்பது நல்லது. இன்னொன்றையும் மகளிடம் சொல்லி வையுங்கள்: வாசற்படிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று கைகுலுக்க மாட்டார்கள். கொடுக்கல் வாங்கலும் அப்படித்தான். உள்ளே காலெடுத்து வைத்த பிறகே பூவை நீட்ட வேண்டும்.

மூடிய அறையில் மின்விசிறி ஓட விட்டுத் தூங்கினால் உயிர் போகும் என்று கொரியாவில் நம்புகிறார்களாமே?
- வாசகர், நாகர்கோவில்

தென்கொரியாவில் நெடுங்காலமாக இருக்கும் நம்பிக்கை. தானாக நின்றுபோக அங்கே விசிறிகளில் டைமர் வைத்து விற்கிறார்கள். விசிறி ஆக்சிஜனைக் குடிப்பதில்லை. இருக்கிற காற்றைச் சுழற்றுகிறது, அவ்வளவுதான். ஆனால் அறை வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் விசிறி உடம்பைக் குளிர்விக்காது, அனல் காற்றைத்தான் மேலே அடிக்கும். அப்போது ஜன்னலைத் திறங்கள், தண்ணீர் குடியுங்கள், ஈரத் துணியால் உடம்பைத் துடையுங்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதை அலட்சியம் செய்யாதீர்கள்.

ஒரு சகுனத்துக்குப் பயந்து ஜப்பானில் ஓர் ஆண்டு முழுக்கப் பிள்ளைப்பேறு குறைந்தது உண்மையா?
- வாசகி, மதுரை

உண்மை. 1965-இல் அங்கே பிறந்த குழந்தைகள் சுமார் 18.24 லட்சம். 1966-இல் 13.61 லட்சம். 1967-இல் மறுபடி 19.36 லட்சம். போரும் இல்லை, பஞ்சமும் இல்லை. 1966 'ஹினோஎ உமா', அதாவது நெருப்புக் குதிரை ஆண்டு.

நமக்குப் பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுச் சுற்று இருப்பதுபோல அவர்களுக்கும் சீனத்திலிருந்து வந்த ஒரு சுற்று உண்டு. நெருப்பு, நீர் போன்ற ஐந்து பூதங்களும் அண்ணன், தம்பி என இரண்டிரண்டாகப் பிரிந்து பத்து. விலங்குகள் பன்னிரண்டு. பத்தும் பன்னிரண்டும் சேர்ந்தே நகர்ந்தால் அதே ஜோடி திரும்பிவர 60 ஆண்டு ஆகும். மூத்த நெருப்பு குதிரையோடு சேரும் ஆண்டில் பிறக்கும் பெண் முரட்டுக்காரி, புருஷனை விழுங்குவாள் என்பது நம்பிக்கை. காதலனைப் பார்ப்பதற்காக ஊருக்குத் தீ வைத்தாள் என்று 1683-இல் எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) எரித்துக் கொல்லப்பட்ட காய்கறிக் கடைக்காரர் மகள் ஓஷிச்சி, 1666-ஆம் ஆண்டின் நெருப்புக் குதிரையில் பிறந்தவள் என்ற கதை பரவி, பயத்தை ஆழமாக வேரூன்ற வைத்தது.

இதற்கு முந்தைய நெருப்புக் குதிரையான 1906-இல் சரிவு இவ்வளவு பெரிதில்லை. அப்போது பலர் பிறந்த பெண் குழந்தையை முந்தைய ஆண்டிலோ அடுத்த ஆண்டிலோ பிறந்ததாகப் பதிவுசெய்து சமாளித்தார்கள். 1966-இல் கருத்தடையும் கருக்கலைப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன, பத்திரிகைகளும் பேசிப் பேசிப் பெரிதாக்கின. அதனால்தான் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. 2026 மறுபடியும் நெருப்புக் குதிரை. நம் கணக்கில் சித்திரையில் பிறக்கும் பராபவ.

'பெண் மூலம் நிர்மூலம்' என்று சொல்லி எத்தனை பெண்களின் ஜாதகத்தை நாம் திருப்பி அனுப்பியிருக்கிறோம்! பிறந்த நேரத்தைப் பெண் தேர்ந்தெடுப்பதில்லை. கடல் கடந்தும் பழி அவள் தலையில்தான் விழுகிறது என்பது நெஞ்சை அறுக்கிறது.

இத்தாலியில் 13 ராசியான எண்ணா?
- வாசகர், ஈரோடு

ராசிதான் என்பவர்கள் அங்கே உண்டு. அவர்கள் பயப்படுவது 17-க்கு. ரோமானிய முறையில் 17-இன் எழுத்துகளை (XVII) இடம் மாற்றினால் 'விக்ஸி' (VIXI) என்ற லத்தீன் சொல் வரும். 'வாழ்ந்தேன்' என்று பொருள். வாழ்ந்து முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ரெனோ நிறுவனம் தன் '17' காரை அங்கே '177' என்று பெயர் மாற்றித்தான் விற்றது.

புத்தாண்டு இரவில் ஸ்பெயின்காரர்கள் போலப் பன்னிரண்டு திராட்சை சாப்பிட ஆசை. எப்படிச் செய்வது?
- வாசகி, கோயம்புத்தூர்

தாராளமாகச் செய்யுங்கள், இது யாரையும் பழிக்காத நம்பிக்கை. நள்ளிரவு மணி அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஒரு திராட்சை, மாதத்துக்கு ஒன்று. கடைசி அடிக்குள் பன்னிரண்டும் தீர்ந்தால் ஆண்டு செழிக்கும் என்பார்கள். மத்ரித் நகரின் புவெர்த்தா தெல் சோல் மணிக்கூண்டுதான் நாட்டுக்கே கணக்கு. ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 3 வினாடி, மொத்தம் 36 வினாடி.

விதையுள்ள பன்னீர் திராட்சை இதற்குச் சரிப்படாது. தோல் தடிப்பு, துப்பவே நேரம் போய்விடும். சிறிய, விதையில்லாப் பச்சைத் திராட்சையாகப் பார்த்து, ஆளுக்குப் பன்னிரண்டு எண்ணிக் கிண்ணத்தில் வையுங்கள். அங்கே பலரும் தவறுவது ஓரிடத்தில்: பன்னிரண்டு அடிக்கு முன்னால் இரட்டை ஒலியாக நான்கு முறை ஒரு மணி அடிக்கும். அது முன்னறிவிப்பு. அப்போதே வாயில் போட்டால் கணக்கு குழம்பிவிடும். மத்ரித் மணியோடு சேர்ந்தே சாப்பிட வேண்டுமென்றால் நம் கடிகாரத்தில் அதிகாலை 4.30.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முழுத் திராட்சை கொடுக்கவே கூடாது. வழவழப்பான உருண்டை மூச்சுக்குழாயைச் சரியாக அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் நான்காக நறுக்கி, உட்கார வைத்து, மணியைப் பற்றிக் கவலைப்படாமல் மெதுவாக ஊட்டுங்கள்.